யாரும் கேட்காத ஸ்டூல்

காலையில் வந்து பார்த்தால் மடிப்பு மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடந்தது. இரும்புக் கால், மேலே மெத்தை. மெத்தையைச் சுற்றின பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. அந்தச் சலவை ஆலையில் வேலை என்றாலே நிற்பதுதான். ஆஸ்பத்திரி விரிப்பும் ஓட்டல் விரிப்பும் ஈரத்தோடு இந்தப் பக்கம் உருளைக்குள் போகும், அந்தப் பக்கம் சுடச்சுட வெளியே வரும். முனை பிடித்துக் கொடுக்கிறவளும் நிற்க வேண்டும், வாங்கி மடிக்கிறவளும் நிற்க வேண்டும். துடைப்பம் தேய்ந்துபோச்சு என்று சொன்னால் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, 'இன்னும் கொஞ்ச நாள் ஓடும்' என்கிற சூப்பர்வைசர், யாரும் கேட்காமல் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறார் என்றால் யார் நம்புவது?

அவரே வந்து நின்றார். மடிப்புக்காரியிடம், "உக்காந்தே மடிம்மா. உடம்பைப் பாத்துக்கோ," என்றார். சொன்னவர் அவள் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

ஜன்னலோரம் சீருடைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த வாசலக்கா அந்த 'உடம்பைப் பாத்துக்கோ'வைக் கேட்டு நிமிர்ந்தாள். மடிப்புக்காரி ஸ்டூலைப் பார்த்தாள். பிறகு நேராக வாசலக்காவைப் பார்த்தாள். விரிப்பு வந்துகொண்டே இருந்தது, அவள் நின்றுகொண்டே மடித்தாள். ஸ்டூலைத் தொடக்கூட இல்லை.

வாசலக்கா என்பது அங்கே பெண்கள் வைத்த பெயர். அவள் போனில்தான் 'கொடிக்கயிறு' என்கிற குரூப்பின் கதவு இருந்தது, யாரையும் சேர்ப்பதும் நீக்குவதும் அவள் கையில். ஆலைக்குப் பொதுவாக ஒரு குரூப் உண்டு. அதில் சூப்பர்வைசர் தினமும் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போடுவார். ஒருமுறை ஒருத்தி அதில் 'வயித்து வலி, அரை நாள் லீவு வேணும்' என்று கேட்டதற்கு, பாய்லர் பக்கத்து ஆண்கள் சிரிக்கிற பொம்மையாகப் போட்டுத் தள்ளினார்கள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் கொடிக்கயிறு. பெண்களுக்கு மட்டும். கை வேலையில் இருப்பதால் எழுத்தெல்லாம் கிடையாது, பேச்சுத்தான். காலையில் வீட்டிலிருந்தே பேசி அனுப்புவார்கள், வேலை நேரத்தில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார்கள். புதிதாக வருகிறவளுக்கு உள்ளே இருக்கிற ரெண்டு பேர் பொறுப்புச் சொல்ல வேண்டும், வாசலக்கா அவள் குரலைக் கேட்க வேண்டும். புருஷன், அண்ணன், தம்பி, மகன், எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் சரி, உள்ளே வரக் கூடாது. ஒரு ஆண் காதில் விழுந்தது என்று தெரிந்தால் அன்றைக்கே குரூப்பைக் கலைத்துவிட வேண்டும். ஸ்பீக்கரில் போடக் கூடாது. பேச ஆரம்பிக்கும் முன்னால் சுற்றிலும் பார்த்துவிட்டு, "கதவு சாத்தியாச்சு," என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். விளையாட்டாக வந்த வழக்கம், போகப்போகச் சாமி கும்பிடுகிற மாதிரி ஆகிவிட்டது.

போன வாரம் மடிப்புக்காரி அந்தக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னாள். மாசா மாசம் போக்கு அதிகமாகிவிட்டது, நிற்க நிற்கக் கால் வழியே உயிரே இறங்குகிற மாதிரி இருக்கிறது, ஒரு ஸ்டூல் கேட்கலாம் என்றால் ஏன் எதற்கு என்று அந்த ஆள் கேட்பாரே, அதற்கு என்ன பதில் சொல்வது? வாசலக்கா அதை ரெண்டு தடவை கேட்டாள். முதல் தடவை பாதியில் சத்தம் செத்துப்போய்விட்டது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான், காதுக்கருவியில் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று ஒன்றும் கேட்காது, பிறகு தானாக வந்துவிடும். நீராவி பட்டுக் கெட்டுவிட்டது என்று புதுசு வாங்கினாள். அதுவும் அப்படியே.

தேநீர் இடைவேளையில் கொட்டகைக்குள் பெண்கள் கூடினார்கள். கிழிசல் தைக்கிறவளுக்கு ஊசி என்று பெயர். தையலால் வந்த பெயர் என்று அவள் சொல்லிக்கொள்வாள், வாயால் வந்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

"நான் போய் அந்த ஆளையே கேட்டுட்டேன்," என்றாள் ஊசி. "என்ன சார் திடீர்னு ஸ்டூலு, யார் சொன்னாங்கன்னு. 'எங்கயோ காதுல விழுந்துச்சும்மா'ங்கறாரு. எங்கய்யா விழுந்துச்சு? வானத்துலேர்ந்தா?"

"நான் வெளியில யார்கிட்டயும் சொல்லல," என்றாள் மடிப்புக்காரி. "என் புருஷனுக்கே தெரியாது. உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

"அப்போ உள்ள ஆள் இருக்கு. இல்லன்னா உள்ள இருக்கறவ ஒருத்தி வெளிய வாயை விட்டிருக்கா."

யாரும் பெயர் சொல்லவில்லை. ஆனால் எல்லாருடைய பார்வையும் தேநீர்க் குவளையிலிருந்து வாசலக்காவுக்கும், அவளிடமிருந்து அழுக்குத் துணி பிரிக்கிற இடத்துக்கும் போய் வந்தது. அங்கேதான் வாசலக்காவின் நாத்தனார் வேலை செய்கிறாள். கடைசியாகக் குரூப்பில் சேர்ந்தவள் அவள். சூப்பர்வைசரின் கண்ணாடி அறை அவளுக்குப் பக்கத்தில். அவர் ஏதாவது சொன்னால் பல் தெரியச் சிரிப்பாள்.

"ஏங்க்கா, நான் ஒண்ணு கேட்டா கோச்சுக்கக் கூடாது," என்று ஊசி ஆரம்பித்தாள்.

"கேக்காத. நானே பாத்துக்கறேன்," என்றாள் வாசலக்கா.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் அவளுக்கு முகம் தெளியவில்லை. வீடு ரெண்டே அறை. முன்னறையில் சமையல், டிவி, சாப்பாடு எல்லாம். பின்னறை, கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்த நாத்தனாருக்கு. வெளியே மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் ஆலையின் வண்டி ஓட்டுகிறவர், அழுக்குத் துணி எடுத்துவருவதும் வெளுத்த துணி கொண்டுபோவதும் அவர் வேலை. அவர் சட்டையை உதறிக் கொடியில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நாத்தனார் முட்டையை உடைத்துச் சட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒன்னை ஒண்ணு கேக்கணும்," என்றாள் வாசலக்கா. "குரூப்புல பேசினதை வெளிய யார்கிட்டயாவது சொன்னியா?"

நாத்தனார் கரண்டியைக் கீழே வைத்தாள். "இதென்ன அண்ணி கேள்வி?"

"சொன்னியா இல்லயா?"

"சொல்லல."

"அந்த ஆளோட இளிச்சு இளிச்சுப் பேசறியே, தெரியாம வந்துடுச்சோன்னு கேக்கறேன்."

"சிரிக்கலன்னா ஆஸ்பத்திரி மூட்டையைத்தான் என் பக்கம் தள்ளுவாரு. அதுல என்னென்ன இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமா? அதுக்காகச் சிரிக்கிறேன்." அவள் கண் கலங்கிவிட்டது. "நான் எதுக்குத் திரும்பி வந்தேன்னு என் அண்ணனுக்கே தெரியாது. அங்க மட்டுந்தான் சொன்னேன். என் விஷயம் உள்ள இருக்கறப்போ நானே அந்த வீட்டுக்கு நெருப்பு வைப்பேனா?"

"அவளை விடேன்," என்றார் வண்டிக்காரர், தட்டிலிருந்து தலையை எடுக்காமல். "எவ சொன்னா என்ன? அந்தம்மாவுக்கு நல்லதுதானே நடந்துச்சு."

"நீங்க பேசாம சாப்பிடுங்க. ஒங்களுக்கு என்ன தெரியும்."

அவர் பேசாமல் சாப்பிட்டார். அடுத்த நாள் காலை, கொட்டகையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, வாசலக்கா போனை எடுத்து நாத்தனாரைக் குரூப்பிலிருந்து நீக்கினாள். ஊசிக்கே சங்கடமாகிவிட்டது. நாத்தனார் குவளையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனாள். அன்றையிலிருந்து வீட்டில் அவள் தட்டோடு பின்னறைக்குப் போய்விடுவாள். ஒரே சமையல், ஒரே சட்டி, ஆனால் இருவருக்கும் பேச்சில்லை.

அதோடு விஷயம் முடிந்தது என்று வாசலக்கா நினைத்தாள். கொடிக்கயிற்றில் மெதுவாகப் பேச்சு திரும்பியது. பயத்தைப் போக்க அவளே ஒரு காலை கேலியாக ஆரம்பித்துவைத்தாள். "கதவு சாத்தியாச்சு. எங்க வீட்டு மகராசன் தலைக்கு ஒரு எண்ணெய் தேய்க்கறாரு பாருங்க, அந்த வாடைக்குத் தலையணையே எழுந்து ஓடிடும்." மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். தலையணை உறையை நம்ம ஆலைக்கே அனுப்பு, அவரையே ஊறப்போடு, இஸ்திரிப் பெட்டியை எண்ணெய்ப் புட்டி மேல வை என்று ஒருத்திக்கு ஒருத்தி ஏற்றிச் சொன்னார்கள். அதையெல்லாம் கேட்டு இஸ்திரி மேசையில் நின்று வாசலக்கா தனியாகச் சிரித்தாள். நடுவில் வழக்கம்போலச் சத்தம் போய்விட்டது. வந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டுச் சிரித்தாள்.

ரெண்டு நாள் கழித்து வண்டிக்காரர் குளித்துவிட்டு வந்தார். தலை வறண்டு பறந்தது. எண்ணெய்ப் புட்டியைக் காணோம்.

"என்னங்க, தலை சும்மா கெடக்கு?"

"வேணாம்னு விட்டுட்டேன். ஒத்துக்கல."

"இத்தனை வருஷமா ஒத்துக்கிட்டது இப்ப ஒத்துக்கலயா?"

"விட்டுட்டேன்னா விடேன்."

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. அப்பாடா, இன்றைக்குத் தலைவலி இல்லை! தலை துவட்டுகிற அவரைப் பார்த்துச் சிரிக்கக்கூடப் போனாள். சிரிப்பு பாதியில் நின்றது. எண்ணெயைப் பற்றி அவள் அவரிடம் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. சொன்னால் மனசு நோகும் என்றுதான் சொல்லவில்லை. நாத்தனாரும் குரூப்பில் இல்லை. பிறகு யார் சொன்னது? அந்த வறண்ட தலையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அந்த ஸ்டூல்தான் ஞாபகம் வந்தது.

அவள் கேட்கவில்லை. பார்த்தாள். அவர் போனை எங்கே வைக்கிறார், யாரோடு பேசுகிறார், எப்போது எழுந்து வெளியே போகிறார் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். அவர் குளிக்கும்போது அவர் போனைக்கூட எடுத்துப் பார்த்துவிட்டாள், அதில் ஒன்றுமில்லை. இஸ்திரி போடும்போது ஜன்னல் வழியே கீழே முற்றத்தைப் பார்த்தாள். முன்பெல்லாம் அவர் வண்டியை வேப்பமர நிழலில் விடுவார். இப்போது சுவரோரம், சரியாக அவள் ஜன்னலுக்குக் கீழே விடுகிறார். வெயில் நேராக அடிக்கிற இடம். எந்த டிரைவர் நிழலை விட்டு வெயிலில் வண்டி விடுவான்?

அன்றைக்கு முற்றத்தில் வண்டி திரும்புகிற சத்தம் கேட்டது. அவள் காதில் ஊசி பேசிக்கொண்டிருந்தாள். வண்டி சுவரோரம் வந்து நின்றது. காதில் சத்தம் செத்தது.

வாசலக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். போன் கையில் இருந்தது. அதில் ஊசியின் பேச்சு ஓடுவதற்கு அடையாளமாகக் கோடு நகர்ந்துகொண்டே இருந்தது. அப்படியே படியிறங்கினாள். வண்டியின் கண்ணாடி பாதி இறக்கியிருந்தது. உள்ளே அவர் இருக்கையைச் சாய்த்து, கண்ணை மூடி, தேநீரை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு கிடந்தார். வண்டி ஸ்பீக்கரில் ஊசி கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தாள்: "மாமியா என்னைக் கேக்கறா, ஏன்டி இன்னும் ஒண்ணும் காணோம்னு. நான் எங்கடி போயிச் சொல்லுவேன், கொறை எங்கிட்ட இல்லன்னு..."

அவர் முகத்தில் ஒரு வருத்தம் இருந்தது. சொந்தக்காரர் வீட்டுக் கஷ்டத்தைக் கேட்கிற மாதிரி.

வாசலக்கா போனில் ஓடிய பேச்சை நிறுத்தினாள். வண்டிக்குள் சத்தம் நின்றது. அவர் கண்ணைத் திறந்தார்.

எப்போதோ வாசலக்காவின் தங்கச்சி வீட்டுக்கு இதே வண்டியில் போனபோது, வழியில் பாட்டுக் கேட்க அவள் போனை வண்டியோடு இணைத்தது அவர்தான். அவள் மறந்துவிட்டாள். போன் மறக்கவில்லை. வண்டி பக்கத்தில் வந்ததும் காதிலிருந்து பேச்சைப் பிடுங்கி அங்கே கொண்டுபோய்க் கொட்டியது. ஸ்பீக்கரில் போடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னவளின் போன்!

"நானா ஒண்ணும் செய்யல," என்றார் அவர் எழுந்து உட்கார்ந்து. "அதுவா வந்துச்சு. சத்தியமா."

"மொத நாள் அதுவா வந்துச்சு. ரெண்டாவது நாளு?"

அவர் கையிலிருந்த தேநீரைப் பார்த்தார்.

"நெழலை விட்டு வெயில்ல கொண்டாந்து நிறுத்தினீங்களே, அதுவும் அதுவா வந்துச்சா?"

"தப்பா ஒண்ணும் கேக்கல. நீங்கள்லாம் கலகலன்னு பேசிக்கறீங்க. வண்டியில எனக்கு யாரு இருக்கா? கேக்க நல்லா இருந்துச்சு. அந்தம்மா கஷ்டம் கேட்டு மனசு தாங்கல, அதான் சூப்பர்வைசர்கிட்ட ஒரு ஸ்டூலு போடச் சொன்னேன். நல்லதுதானே செஞ்சேன்?"

"அவ உக்காந்தாளா?"

"என்ன?"

"ஸ்டூலு வந்து எத்தனை நாளாச்சு. அவ ஒரு தடவையாவது உக்காந்தாளான்னு கேக்கறேன். தன் உடம்பு ரகசியம் எத்தனை ஆம்பளைங்க வாயில பொரளுதோன்னு கூசிப்போயி நிக்கறா. இதா நல்லது?"

அவர் குரல் இறங்கியது. "என் தங்கச்சி ஏன் திரும்பி வந்தான்னு எனக்கு இதுலதான் தெரிஞ்சுது. நான் அவளை நாலு பேர் முன்னாடி திமிர் புடிச்சவன்னு சொன்னவன். அவ புருஷன் அவளை என்னவெல்லாம் செஞ்சிருக்கான்... அதைக் கேட்டுட்டு அன்னிக்கு என்னால வண்டி ஓட்ட முடியல."

வாசலக்காவுக்கு ஒரு நிமிஷம் மனசு இளகியது. பொய்யில்லை, அவர் அழுதிருப்பார். ஆனால் அந்த இளக்கத்துக்குள்ளிருந்தே கோபம் பொங்கி வந்தது.

"அவ ஒங்ககிட்ட சொல்லலயே. சொல்லாம வச்சது அவ இஷ்டம். நீங்க திருடிட்டீங்க. அதோட, நான் அவளை நிக்க வச்சுக் கேட்டப்போ, எதிர்லயே உக்காந்து முட்டை தின்னீங்களே! வாயில என்ன வச்சிருந்தீங்க?"

அவர் தேநீரைக் கீழே ஊற்றிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று பகல் முழுக்க வாசலக்காவுக்குக் கை வேலையில் இல்லை, ஒரு சீருடையின் கழுத்தைத் தீய்த்துவிட்டாள். போனில் அந்த இணைப்பை அழித்துவிட்டாள். இனி வராது. யாருக்கும் தெரியவும் தெரியாது. பழி ஏற்கெனவே நாத்தனார் மேல் விழுந்து ஆறிப்போய்விட்டது. சும்மா இருந்தால் கொடிக்கயிறு அப்படியே ஓடும். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். சொன்னால் அதுவும் போகும். எதிரே மடிப்புக்காரி ஒரு காலை மாற்றி மறு காலில் நின்று மடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டூல் மேல் யாரோ சோப்புக் கேனை வைத்திருந்தார்கள்.

சாயங்காலத் தேநீர் இடைவேளையில் வாசலக்கா அழுக்குத் துணி பிரிக்கிற இடத்துக்குப் போய் நாத்தனாரின் கையைப் பிடித்து, கையுறையோடு இழுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். எல்லாரும் பார்க்க நின்றாள்.

"இவ சொல்லல. ஆம்பளை காது ஒண்ணு உள்ள இருந்துச்சு. என் வீட்டு ஆம்பளைதான். என் போன் வழியாத்தான்."

வண்டி, ஸ்பீக்கர், சுவரோரம் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் என்னென்ன கேட்டார் என்பதையும் மறைக்கவில்லை. ஊசியைப் பார்த்து, "ஒன் மாமியா விஷயமும்," என்றாள். ஊசி வாயடைத்துப்போய் நின்றதை அன்றைக்குத்தான் அந்த ஆலை பார்த்தது. பிறகு வாசலக்கா நாத்தனாரிடம் திரும்பினாள்.

"ஒன் விஷயமும் கேட்டுட்டாரு. நான் ஒன்னைச் சந்தேகப்பட்டு வெளிய தள்ளினேன். மன்னிச்சுடும்மா."

நாத்தனார் கையை உருவிக்கொண்டாள். "அண்ணனுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சட்டப்படி அங்கேயே, எல்லாரும் பார்க்க, வாசலக்கா கொடிக்கயிற்றைக் கலைத்தாள். மடிப்புக்காரி அவள் பக்கத்தில் வந்தாள்.

"ஒங்க மேல கோவமில்லக்கா. சொல்லாம விட்டிருக்கலாம், சொன்னீங்க. ஆனா இனிமே ஒங்க முன்னாடி பேச எனக்கு வாய் வராது. ஒங்க முகத்தைப் பாத்தா அவர் காதுதான் தெரியும்."

இடைவேளை முடிந்தது. மடிப்புக்காரி சோப்புக் கேனைத் தூக்கிக் கீழே வைத்தாள். மெத்தையின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தாள். ஸ்டூலைக் காலால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "யாருன்னு தெரிஞ்சுபோச்சு, இனிமே உக்காரலாம்," என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை வாங்கினாள்.

அந்த வாரத்திலேயே புதுக் குரூப் ஒன்று ஆரம்பமாகிவிட்டது. வாசலக்காவிடம் யாரும் சொல்லவில்லை. காதுக்கருவியோடு ஒவ்வொருத்தியும் தனித்தனியே, ஆனால் ஒரே நேரத்தில் சிரிப்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அதன் கதவு யாரிடம் என்பதும் தெரிந்தது. ஊசியே போய் நாத்தனாரிடம், நீதான் வச்சுக்கணும் என்றாளாம். தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வாசலக்கா கேட்கவில்லை. கேட்கிற முகம் அவளுக்கு இல்லை. இஸ்திரி போடும்போது பழக்கத்தில் காதுக்கருவியை மாட்டிக்கொள்வாள், அதில் ஒன்றும் ஓடாது.

ஒரு சாயங்காலம் மூன்று பேரும் வீட்டில் இருந்தார்கள். நாத்தனார் அண்ணனோடு இன்னும் பேசுவதில்லை. அண்ணியோடு உப்பு, தண்ணீர் என்கிற அளவுக்குப் பேச்சு வந்திருந்தது. சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, போனோடு பின்னறைக்குள் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. மெல்லிய பலகைக் கதவு, உள்ளே வளையல் அசைந்தால் வெளியே கேட்கும்.

வண்டிக்காரர் டிவியைப் பார்த்தபடி இருந்தார். ஆனால் அவர் தலை கொஞ்சம் கதவுப் பக்கம் சாய்ந்திருந்தது. உள்ளே நாத்தனார் யாரோ சொன்னதைக் கேட்டுக் களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை இந்த வீட்டில் அவர்கள் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது.

"யாரைச் சொல்லிச் சிரிக்கறா? நம்மளையா?" என்றார் அவர், மெதுவாக.

வாசலக்காவுக்கும் அதே கேள்விதான் நெஞ்சை அரித்தது. எழுந்து ரெண்டு எட்டு வைத்தால் கதவு. காதை வைக்கக்கூட வேண்டாம், பக்கத்தில் நின்றாலே போதும். ஊசி என்ன சொன்னாள், மடிப்புக்காரிக்கு இப்போது எப்படி இருக்கிறது, தன்னைப் பற்றி ஒரு வார்த்தையாவது வருகிறதா என்று எல்லாம் தெரிந்துவிடும். அவள் எழுந்தாள். அவர் அவளையே பார்த்தார்.

உள்ளே நாத்தனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். "கதவு..." என்பது வரைக்கும்தான் காதில் விழுந்தது. வாசலக்கா டிவிப் பக்கம் போய் ரிமோட்டை எடுத்து, சத்தத்தைக் கூட்டினாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதுவும் கேட்காத அளவுக்கு இன்னும் கூட்டினாள்.